குருத்து முற்றி எலும்பாவதில்லை

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற ஞாயிற்றுக்கிழமை தங்கள் நாளிதழின் இணைப்பில், கர்ப்பிணிகளுக்கான பக்கத்தில், "வயிற்றில் இருக்கும் குழந்தைக்கு ஏழாம் மாதம் வரை வெறும் குருத்தெலும்புதான், கால்சியம் சேரச் சேர அது முற்றி எலும்பாகிறது" என்று ஒரு வரி வந்திருந்தது. அந்தப் பக்கத்தில் மற்றவை எல்லாம் நல்ல செய்திகள். கீரை, சுண்டல், நடைப்பயிற்சி பற்றி எழுதியிருந்ததை என் மனைவி கத்தரித்துக்கூட வைத்திருக்கிறாள். ஆனால் அந்த ஒரு வரி தவறு. அதனால் எங்கள் வீட்டில் நடந்ததைச் சொல்லி, திருத்தம் வெளியிடும்படி கேட்கத்தான் இதை எழுதுகிறேன். கடிதம் நீளும். பொறுத்துக்கொண்டு முழுவதும் படிக்க வேண்டுகிறேன்.

நான் காரைக்குடியை அடுத்த பள்ளத்தூர்க்காரன். 1988இல் எக்ஸ்ரே டெக்னீஷியனாகச் சேர்ந்து, 31 வருடம் அதே வேலையைப் பார்த்து, 2019இல் ஓய்வு பெற்றேன். டாக்டர் இல்லை. ஆனால் பிறந்து இரண்டு நாளான பிள்ளையின் கால் முதல் தொண்ணூறு வயது ஆச்சிமாரின் இடுப்பு வரை எலும்பையே பார்த்துப் பார்த்து வாழ்ந்தவன். சித்திரை வெயிலில் டெவலப்பர் சூடேறிவிடும் என்று தொட்டியைச் சுற்றி ஐஸ் கட்டி போட்டு, இருட்டறையில் சிவப்பு விளக்கின் கீழே நின்று படம் கழுவிய காலத்து ஆள். ஈரப் படத்தைத் தூக்கிப் பிடித்தால் எலும்பு வெள்ளையாக எழுந்து வரும். அதைப் பார்த்து எனக்கு ஒரு நாளும் சலித்ததில்லை.

மகள் தலைப்பிரசவத்துக்கு வந்திருக்கிறாள். ஏழாம் மாதம் வளைகாப்பு முடித்து அழைத்து வந்தோம். இப்போது 31ஆவது வாரம். அவளுக்குத் துணையாகத் தேவகோட்டையிலிருந்து என் அக்கா வந்திருக்கிறார்கள். எனக்கு 14 வயது மூத்தவர்கள். அம்மா போன பிறகு எனக்கு அம்மா ஸ்தானத்தில் இருப்பவர்கள். நாலு பிள்ளை பெற்றவர்கள், அதில் மூன்று வீட்டுப் பிரசவம். காலையில் காபி குடித்துவிட்டு உட்கார்ந்தால் பேப்பரை முதல் வரியிலிருந்து கடைசி வரி வரை படித்துவிட்டுத்தான் எழுந்திருப்பார்கள். ஞாயிற்றுக்கிழமை அந்த வரியைப் படித்ததும் மகளைக் கூப்பிட்டு, கால்சியம் மாத்திரை அட்டையை வாங்கித் தன் டிரங்குப் பெட்டிக்குள் வைத்துப் பூட்டிவிட்டார்கள். எனக்குத் தெரிய வந்தது செவ்வாய்க்கிழமை மத்தியானம்தான்.

கேட்டதற்கு அக்கா சொன்னது இது: "தம்பி, பேப்பர்லயே போட்டிருக்கான் பாரு. இந்த மாத்திரைய முழுங்க முழுங்கக் குருத்து முத்திப் போகும். முத்துன பிள்ளை எப்படிடா வெளிய வரும்? எங்களுக்கெல்லாம் பிள்ளை குருத்தா இருந்துச்சு, வழுக்கிக்கிட்டு வந்துச்சு. இப்ப மாத்திரைய குடுத்துக் குடுத்து முத்த வச்சுத்தான் வயித்தக் கிழிக்கிறாங்க."

மகள் படித்தவள்தான். ஆனாலும் தலைப்பிரசவம், பயம் இருக்கும். அத்தை சொல்வதும் பேப்பரில் வந்ததும் ஒன்றாக இருந்தால் அவள் யாரை நம்புவாள்?

அக்கா மேல் எனக்குக் கோபம் இல்லை. அவர்கள் சொன்னதில் ஒரு நியாயம் இருக்கிறது. அந்த நியாயம் நம் மொழியிலிருந்து வருகிறது. பனங்குருத்து, வாழைக்குருத்து, தென்னங்குருத்து என்கிறோம். குருத்து விரியும், பச்சை ஏறும், முற்றும், ஓலையாகும். அதே பொருள்தான் இளசாக இருந்து முதிர்ச்சியாகிறது. அப்படியிருக்கக் குருத்தெலும்பு என்றால் இளசான எலும்பு, நாளானால் முற்றி எலும்பாகிவிடும் என்றுதான் யாரும் நினைப்பார்கள். வேலைக்குச் சேர்ந்த புதிதில் நானும் அப்படித்தான் நினைத்தேன். பெயர் அழகாக இருக்கிறது. ஆனால் உடம்பு அந்தப் பெயர்ப்படி நடப்பதில்லை. கை கால்களின் நீள எலும்புகளில் குருத்து முற்றுவதே இல்லை. அதை அரித்து எடுத்துவிட்டு, அதே இடத்தில் எலும்பு புதிதாகக் கட்டப்படுகிறது.

எனக்குத் தெரிந்த மட்டும் விவரமாகச் சொல்கிறேன். கரு உண்டாகி நாலாவது வார முடிவில் கை, கால் வரும் இடத்தில் சின்ன மொட்டுகள் கிளம்புகின்றன. அதற்குள் செல்கள் நெருக்கமாகக் கூடி, ஆறாவது வாரத்தை ஒட்டித் தொடை எலும்பின் வடிவத்திலேயே ஒரு குருத்து உருவத்தைச் செய்துவிடுகின்றன. பளிங்கு மாதிரி வழவழப்பு, கொஞ்சம் வளையும், உள்ளே ஒரு ரத்தக்குழாய் கிடையாது. இந்த உருவம் நீளமாகிக்கொண்டே போகும்போது, நடுப்பகுதியில் இருக்கும் செல்கள் ஊதிப் பெருக்கின்றன. அவற்றைச் சுற்றியுள்ள பொருளில் சுண்ணாம்புச் சத்து படிகிறது. எல்லோரும் தடுக்கி விழுவது இந்த இடத்தில்தான். சுண்ணாம்பு படிந்துவிட்டதே, அப்படியென்றால் எலும்பாகிவிட்டது என்று நினைத்துக்கொள்கிறோம். இல்லை. சுண்ணாம்பு படிந்த குருத்து குருத்துதான். அதற்குக் கெட்டித்தன்மை வந்திருக்கலாம். எலும்பின் அமைப்பு வரவில்லை.

அதே சமயத்தில் அந்த நடுப்பகுதியைச் சுற்றியுள்ள மேலுறை, உலக்கைக்குப் பூண் போட்டதுபோல ஒரு மெல்லிய எலும்பு வளையத்தைப் போடுகிறது. தொடை எலும்பில் இது நடப்பது கருத்தரித்த நாளிலிருந்து எட்டாவது வார வாக்கில். கடைசி மாதவிலக்கிலிருந்து எண்ணும் டாக்டர் கணக்கில் பத்து வாரம். பிள்ளை உச்சியிலிருந்து பிட்டம் வரை மூன்று சென்டிமீட்டர்தான் இருக்கும். ஊதிப் பெருத்த செல்கள் விடுக்கும் ஒருவகை அழைப்பைக் கேட்டு, வெளியே இருக்கும் ரத்தக்குழாய்கள் அந்தப் பூணைத் துளைத்துக்கொண்டு உள்ளே நுழைகின்றன. கூடவே இரண்டு வகை வேலையாட்கள் வருகிறார்கள். ஒரு வகை செல்கள் சுண்ணாம்பு படிந்த குருத்தை அரித்துத் தின்கின்றன. இன்னொரு வகை, தின்றது போக மீந்து நிற்கும் குச்சி குச்சியான மிச்சங்களின் மேல் எலும்பைப் பூசிக் கட்டுகின்றன. பிறகு அந்த மிச்சமும் எடுக்கப்பட்டு, நடுவில் மஜ்ஜைக்கு இடம் விடப்படுகிறது. இந்த வேலை நடுவிலிருந்து இரண்டு முனைகளை நோக்கிப் போகிறது.

எங்கள் தெருவில் ஒரு பெரிய வீட்டுக்கு இரண்டாங்கட்டுக் கூரை மாற்றினார்கள். வீட்டுக்காரர்கள் எங்கும் போகவில்லை. கொத்தனார் ஒரு அங்கணத்துக்கு, அதாவது தூணுக்குத் தூண் ஒரு பகுதிக்கு, முட்டுக் கொடுப்பார், பழைய கட்டையை உருவுவார், புதுசை ஏற்றுவார், அடுத்த அங்கணத்துக்குப் போவார். அடுத்த பக்கத்தில் அடுப்பு எரிந்துகொண்டேயிருந்தது. முடிந்த பிறகு பார்த்தால் அதே நீளம், அதே அகலம், அதே வாட்டம். ஆனால் பழைய கட்டையில் ஒன்றுகூட இல்லை. பழைய கட்டை முற்றிப் புதுக் கட்டையானது என்று யாராவது சொல்வார்களா? வயிற்றுக்குள் நடப்பதும் இப்படிப்பட்ட வேலைதான். பிள்ளை கால் உதைத்துக்கொண்டே இருக்கும், உள்ளே பிரித்துக் கட்டுவது நடந்துகொண்டே இருக்கும்.

இதில் ஒரு விஷயத்தை மறைக்காமல் சொல்ல வேண்டும். அந்த ஊதிப் பெருத்த குருத்துச் செல்கள் எல்லாமே செத்துப்போகின்றன என்றுதான் நாங்கள் படித்தோம். 2014இல் ஹாங்காங் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் எலிகளில் தொடர்ந்து பார்த்து, அவற்றில் ஒரு பகுதி சாகாமல் பிழைத்து, எலும்பு கட்டும் செல்களாகவே மாறுகின்றன என்று காட்டினார்கள். அதை வைத்துக் குருத்து முற்றியது என்று சொல்லிவிட முடியாது. பழைய வேலையாள் சிலர் புது வேலைக்குக் கை மாறுகிறார்கள், அவ்வளவுதான். பழைய பொருளை எடுத்துவிட்டுப் புதுப் பொருளால் கட்டுவது என்பது மாறவில்லை.

இதையெல்லாம் அக்காவிடம் வாயால் சொல்லிப் பார்த்தேன். "நீ படிச்சவன், சொல்லுவ" என்று முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். அதனால் புதன்கிழமை காலை கறிக்கடைக்குப் போய் இளங்குட்டியின் கால் இரண்டும், முற்றின கிடாயின் கால் இரண்டும் வாங்கி வந்தேன். தனித்தனியாக வேகவைக்கச் சொன்னேன். மிளகு, சீரகம், சின்ன வெங்காயம் போட்டு அக்காவே வைத்தார்கள். காலுக்கு அவர்கள் கைப்பக்குவம் தனி. வெந்ததும் குளம்புக்கு மேலே இருக்கும் நீள எலும்பை எடுத்துத் தட்டில் வைத்தேன். இளங்குட்டியின் எலும்பைக் கரண்டியால் லேசாகத் தட்டியதுமே முனை தொப்பி போலக் கழன்று வந்தது. மூட்டில் அல்ல, மூட்டுக்குக் கொஞ்சம் உள்ளே, எலும்பே இரண்டாகப் பிரிந்தது. பிரிந்த முகம் மேடும் பள்ளமுமாக இருந்தது. கிடாயின் எலும்பை எவ்வளவு தட்டியும் முனை அசையவில்லை.

அக்கா சிரித்தார்கள். "இது தெரியாதா எனக்கு? இளங்கறின்னா முனை கழண்டு வரும். கிழடுன்னா வராது. இத வச்சுத்தானே கடைக்காரன் ஏமாத்திட்டானான்னு பாப்போம்."

"அக்கா, நீங்க அம்பது வருஷமா பாக்குறது இதுதான். குட்டி பொறந்து மாசக்கணக்காச்சு. நடு எலும்பு நல்லா எலும்பா இருக்கு பாருங்க, கடிச்சா பல்லு போகும். முனையும் எலும்பு. ரெண்டுக்கும் நடுவுல ஒரு தட்டு மட்டும் குருத்தா நின்னுச்சு, அது வெந்து கரைஞ்சதாலதான் கழண்டு வந்துச்சு. எல்லாம் ஒரேயடியா முத்துறதா இருந்தா நடுவுல அது மட்டும் ஏன் முத்தாம நின்னுச்சு?"

அவர்கள் பதில் சொல்லவில்லை. எலும்பைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

அந்தத் தட்டுதான் வளர்ச்சித் தட்டு. எலும்பு நீளமாவது அங்கேதான். இந்தப் பக்கம் புதுக் குருத்து அடுக்கடுக்காகச் சேரும், அந்தப் பக்கம் பழைய குருத்து அரிக்கப்பட்டு எலும்பு கட்டப்படும். இரண்டும் ஒரே வேகத்தில் ஓடும்வரை உயரம் கூடிக்கொண்டே இருக்கும். எலும்பு நடுவில் இழுபட்டு நீள்வதில்லை என்பதை 1727இலேயே இங்கிலாந்தில் ஸ்டீபன் ஹேல்ஸ் என்ற பாதிரியார் காட்டிவிட்டார். கோழிக்குஞ்சின் கால் எலும்பில் அரை அங்குல இடைவெளியில் இரண்டு துளை போட்டுவிட்டு, இரண்டு மாதம் கழித்துப் பார்த்தார். கால் ஓர் அங்குலம் வளர்ந்திருந்தது. துளைகளுக்கு இடையில் அதே அரை அங்குலம்தான். எக்ஸ்ரே இல்லாத காலத்தில் ஒரு ஊசியை வைத்துக் கண்டுபிடித்திருக்கிறார். இதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு மெய் சிலிர்க்கும்.

இந்தத் தட்டைப் பற்றி என் வேலையில் நடந்த ஒன்றைச் சொல்லியாக வேண்டும். சேர்ந்த முதல் வருடம், மரத்திலிருந்து விழுந்த பத்து வயதுப் பையன் ஒருவனுக்கு மணிக்கட்டில் படம் எடுத்தேன். முன்கை எலும்பின் முனைக்குப் பக்கத்தில் குறுக்கே ஒரு கறுப்புக் கோடு. டாக்டர் பார்ப்பதற்கு முன்பே அவன் தகப்பனாரிடம் "உடைந்திருக்கிறது" என்று வாயை விட்டுவிட்டேன். அவர் தலையில் கை வைத்து உட்கார்ந்துவிட்டார். அது முறிவே அல்ல, வளர்ச்சித் தட்டு. குருத்தில் எக்ஸ்ரேயைத் தடுக்கும் அளவுக்குச் சுண்ணாம்பு இல்லை. அதனால் படத்தில் அது சதை மாதிரியே கறுத்துத் தெரியும், இரண்டு பக்கமும் எலும்பு வெள்ளையாக நிற்கும். டாக்டர் மறு கையையும் எடுக்கச் சொன்னார். அதிலும் அதே இடத்தில் அதே கோடு. அந்தத் தகப்பனாரிடம் மன்னிப்புக் கேட்டேன். அன்றிலிருந்து குழந்தைகள் படத்தை எடுத்தால் வீட்டாருக்கு முதலில் ஒன்று சொல்வேன்: படத்தில் இல்லை என்றால் உடம்பில் இல்லை என்று அர்த்தமில்லை. இரண்டு வயதுப் பிள்ளையின் படத்தைப் பார்த்து "முட்டிச் சில்லே காணோமே" என்று அழுத தாய்மார் உண்டு. சில்லு இருக்கும், குருத்தாக இருக்கும். அதில் எலும்பு தொடங்குவதே மூன்று வயதிலிருந்து ஆறு வயதுக்குள்தான்.

இனி தங்கள் பக்கத்தில் வந்த "ஏழாம் மாதம் வரை" என்பதற்கு வருகிறேன். கழுத்துக்குக் கீழே தோளோடு சேரும் காறை எலும்பில் கருத்தரித்த ஐந்தாவது ஆறாவது வாரத்திலேயே எலும்பு தொடங்கிவிடுகிறது. உடம்பில் முதலில் தொடங்குவதும் அதுதான், முழுவதுமாகச் சேர்ந்து முடிவதில் கடைசியும் அதுதான். இருபத்தைந்து வயதை ஒட்டி ஆகும். பன்னிரண்டாவது வாரத்தில் கை கால்களின் நீள எலும்புகள் அநேகமாக எல்லாவற்றிலும் நடுப்பகுதியில் எலும்பு தொடங்கியிருக்கும். பிறக்கும்போது தண்டு முழுக்க எலும்பு, முனைகள் மட்டும் குருத்து. அந்த முனைகளிலும் ஒன்று முந்திக்கொள்ளும்: முட்டிக்கு மேலே, தொடை எலும்பின் கீழ் முனையில் டாக்டர் கணக்கில் 36ஆவது வாரத்தை ஒட்டி ஒரு சின்ன எலும்புப் பொட்டு தோன்றும். எனக்கு வேலை சொல்லிக்கொடுத்த மூத்தவர் சொல்வார், ஸ்கேன் இல்லாத காலத்தில் கர்ப்பிணிக்கு எக்ஸ்ரே எடுத்து, இந்தப் பொட்டு தெரிகிறதா என்று பார்த்துத்தான் பிள்ளை முழு வளர்ச்சி பெற்றதா என்று முடிவு செய்வார்களாம். கர்ப்பத்தில் எக்ஸ்ரே பட்ட பிள்ளைகளுக்குப் புற்றுநோய் கூடுதலாக வருவதை 1950களில் ஆக்ஸ்போர்டில் ஆலிஸ் ஸ்டூவர்ட் என்ற பெண் டாக்டர் கண்டு சொன்னார். 1958இல் கிளாஸ்கோவில் இயன் டொனால்ட் கர்ப்பிணிகளுக்கு ஒலியலை ஸ்கேனை நடைமுறையில் காட்டினார். அதன் பிறகுதான் அந்தப் பழக்கம் மெல்ல மெல்ல ஒழிந்தது. இன்றும் இறந்து பிறந்த சிசு முழு மாதமா என்று சட்டத்துக்காகப் பார்க்க வேண்டி வந்தால், அந்த முட்டி முனையை வெட்டி இந்தப் பொட்டைத்தான் தேடுகிறார்கள்.

அப்படியானால் அக்காவுக்கு "வழுக்கிக்கிட்டு வந்த" பிள்ளைகளுக்கும் தொடையில் எலும்பு இருந்தது. எல்லாப் பிள்ளைக்கும் இருக்கும். பிரசவத்தில் வழி கேட்பது கால் எலும்பு அல்ல, தலை. தலையின் மேல் ஓடு கட்டப்படுவதோ வேறு விதம். அங்கே குருத்து உருவமே கிடையாது. ஒரு மெல்லிய சவ்வில் நேரடியாக எலும்பு படர்கிறது. தனித்தனித் தகடுகளாக இருந்து, இடையில் இடைவெளி விட்டு நிற்கிறது. அதனால்தான் பிறக்கும்போது தகடுகள் ஒன்றன் மேல் ஒன்று ஏறித் தலை குறுகி வெளியே வருகிறது, பிறகு சரியாகிவிடுகிறது. முன் உச்சிக்குழி மூடவே பெரும்பாலும் ஒன்றரை வயதாகும். மருத்துவர் சொன்ன அளவில் மாத்திரை போட்டதால் வயிற்றுக்குள்ளேயே அந்த இடைவெளி அடைந்துபோகும் என்பது இல்லை.

தலைக்கும் காலுக்கும் இரண்டு வழி என்பதற்கு என் கண்ணால் பார்த்த சாட்சி உண்டு. குள்ளமாகப் பிறக்கும் சிலருக்கு உடல் சராசரி அளவில் இருக்கும், தலை சற்றுப் பெரிதாகக்கூட இருக்கும், கை கால் மட்டும் குட்டையாக இருக்கும். வளர்ச்சித் தட்டில் குருத்து போதுமான அளவு பெருகாததே காரணம். அதற்குக் காரணமான மரபணு மாற்றத்தை 1994இல் கண்டுபிடித்தார்கள். தலை ஓடு சவ்வில் கட்டப்படுவதால் அது தடைப்படுவதில்லை. அப்படிப்பட்ட ஒரு தம்பிக்கு நான் முதுகுப் படம் எடுத்திருக்கிறேன். தனக்கு ஏன் இப்படி என்று அவர் கேட்டார். இதே விளக்கத்தைத்தான் சொன்னேன். "இது வரைக்கும் யாரும் சொல்லலண்ணே" என்றார்.

சரி, கால்சியம் குறைந்தால் பிள்ளை குருத்தாக, மெத்தென்று, சுகமாக இருக்குமா? அதற்கும் நான் படம் எடுத்திருக்கிறேன். வைட்டமின் டி இல்லாமலும் கால்சியம் பற்றாமலும் வரும் ரிக்கெட்ஸ் நோயில் குருத்தில் சுண்ணாம்பு படிவதில்லை. படியாததால் அதை அரித்துக் கட்டும் வேலையும் நடப்பதில்லை. குருத்து குவிந்துகொண்டே போகும். படத்தில் எலும்பின் முனை கிண்ணம் போலக் குழிந்து, ஓரம் நைந்த துணி மாதிரி இருக்கும். நடக்கத் தொடங்கியதும் கால் வில்லாக வளையும். குருத்தாகவே நிற்பது பிள்ளைக்கு நல்லதில்லை என்பதை அந்தப் படங்களைப் பார்த்தவர்கள் மறக்க மாட்டார்கள்.

நிறைமாதப் பிள்ளையின் உடம்பில் ஏறத்தாழ 30 கிராம் கால்சியம் இருக்கிறது. அதில் ஐந்தில் நாலு பங்கு கடைசி மூன்று மாதத்தில் தாயிடமிருந்து போவது. என் மகள் இப்போது நிற்பது அந்த மூன்று மாதத்தில்தான். கர்ப்பத்தில் தாயின் குடல் உணவிலிருந்து கால்சியத்தை ஏறத்தாழ இரண்டு மடங்கு இழுக்கப் பழகிக்கொள்கிறது. ஆனால் சாப்பாட்டிலேயே இல்லாவிட்டால் எதை இழுக்கும்? தாயின் எலும்பிலிருந்து போகும். அரசு வழிகாட்டுதல்படி 14ஆவது வாரத்திலிருந்து பிரசவத்துக்குப் பிறகு ஆறு மாதம் வரை ஒரு நாளைக்கு 500 மில்லிகிராம் மாத்திரை இரண்டு கொடுப்பது இதற்கு மட்டுமல்ல. கர்ப்பத்தில் ரத்த அழுத்தம் ஏறி வலிப்பு வரை கொண்டுபோகும் நோயின் ஆபத்தையும் இது குறைக்கிறது. இதைத் தங்கள் பக்கம் சொல்லவே இல்லை என்பதுதான் எனக்குப் பெரிய வருத்தம். இன்னொன்று: இரும்புச்சத்து மாத்திரையையும் இதையும் ஒரே நேரத்தில் போடக்கூடாது, இரண்டு மணி நேரமாவது இடைவெளி வேண்டும். எங்கள் வீட்டில் கேழ்வரகுக் கூழ் தினமும் உண்டு. 100 கிராம் கேழ்வரகில் 300 மில்லிகிராமுக்கு மேல் கால்சியம் இருக்கிறது. அது நல்லது, குடிக்கட்டும். ஆனால் கூழ் குடிக்கிறோமே என்று மாத்திரையை விடக்கூடாது.

ஸ்கேன் ரிப்போர்ட்டைப் பற்றியும் ஒன்று. அதில் எஃப்.எல். என்று போட்டு மில்லிமீட்டரில் ஓர் எண் இருக்கும். தொடை எலும்பின் நீளம். 20ஆவது வாரத்தில் மகளுக்கு 33 என்று வந்தது, "என் பிள்ளைக்குத் தொடை இவ்வளவுதானாப்பா?" என்று கேட்டாள். அந்த வாரத்துக்கு அது சரியான அளவுதான். தவிர, அதில் அளப்பது எலும்பான தண்டை மட்டும். இரண்டு முனையிலும் இருக்கும் குருத்து அந்தக் கணக்கில் வராது. உண்மையான தொடை அதைவிட நீளம். இப்படி ஓர் எண்ணைப் பார்த்துவிட்டு இரவு தூக்கம் கெடுத்துக்கொள்ளும் பெண்கள் நம் பக்கத்தில் எத்தனையோ பேர். தங்கள் பக்கத்தில் இதை ஒரு பெட்டிச் செய்தியாகப் போட்டால்கூடப் பெரிய உபகாரம்.

என் கோரிக்கை இதுதான். அடுத்த ஞாயிறு அதே பக்கத்தில், அதே அளவு எழுத்தில், இப்படித் திருத்தம் வர வேண்டும்: "கை கால்களின் நீள எலும்புகள் குருத்தெலும்பு உருவமாகத் தோன்றி, கருவின் எட்டாவது வார வாக்கில் இருந்தே அந்தக் குருத்து அரிக்கப்பட்டு அந்த இடத்தில் எலும்பு கட்டப்படுகிறது. கால்சியம் மாத்திரையால் பிரசவம் கடினமாகாது. மருத்துவர் சொன்ன அளவில் நிறுத்தாமல் எடுத்துக்கொள்ள வேண்டும்." சொற்களை மாற்றிக்கொள்ளலாம், "முற்றி" என்ற சொல் மட்டும் வேண்டாம். எழுதியவர் டாக்டர் அல்லர் என்று தயங்கினால், எந்த மகப்பேறு மருத்துவரிடமும் எலும்பு மருத்துவரிடமும் இந்தக் கடிதத்தைக் காட்டிச் சரிபார்த்துக்கொள்ளுங்கள்.

நோயாளிகளின் எக்ஸ்ரே படத்தை அச்சுக்குக் கொடுப்பது முறையல்ல. அதனால் தொடை எலும்பு எப்படிக் கட்டப்படுகிறது என்று நானே பென்சிலால் ஐந்து படம் வரைந்து இத்துடன் வைத்திருக்கிறேன். இடமிருந்து வலமாகப் பார்க்கவும். மூன்றாவதில் நடுவே பூண் போலப் போட்டிருப்பதுதான் முதல் எலும்பு. நாலாவதில் அம்புக்குறி போட்டது ரத்தக்குழாய் நுழையும் இடம். ஐந்தாவதில் முட்டிப் பக்கம் உள்ள பொட்டை அக்கா கேட்டுக் கேட்டுப் பெரிதாக்கச் சொன்னார்கள். உண்மையில் அது அவ்வளவு பெரிது இல்லை, அச்சிடும்போது கொஞ்சம் சிறிதாக்கிக்கொள்ளவும். மாத்திரை அட்டை புதன்கிழமை சாயங்காலமே டிரங்குப் பெட்டியிலிருந்து வெளியே வந்துவிட்டது.

இப்படிக்கு,
தங்கள் நெடுநாள் வாசகன்,
ஓய்வுபெற்ற எக்ஸ்ரே டெக்னீஷியன்,
பள்ளத்தூர், சிவகங்கை மாவட்டம்.